ஐந்து குட்டி நாடுகள், உலகமெங்கும் ஆவணப்படம்! தெரியுமா?

கண்டமங்கலத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்காக நிற்கிறீர்களா? பஸ் வருவதற்குள் ஒரு கேள்வி! நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்ற ஐந்து நார்டிக் நாடுகளிலும் சேர்த்து எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா?

சுமார் 2 கோடியே 80 லட்சம் பேர்தான்! 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 7 கோடியே 21 லட்சம் பேர். அதில் பாதிகூட இல்லை!

ஐஸ்லாந்தை மட்டும் தனியாகப் பார்ப்போமா? அங்கே 4 லட்சம் பேர்கூடக் கிடையாது! அதே 2011-இல், கள்ளக்குறிச்சி பிரியாதபோது, நம் விழுப்புரம் மாவட்டத்தில் 34 லட்சத்து 58 ஆயிரம் பேர். ஐஸ்லாந்தைப் போல் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு!

ஆனால் ஆம்ஸ்டர்டாம், டொரன்டோ, மும்பை என்று எந்த ஊரில் ஆவணப்பட விழா நடந்தாலும் இந்த ஐந்து நாட்டுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். இயக்குநராக இல்லாவிட்டால் தயாரிப்பாளராக. அதுவும் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவராக! இத்தனை சின்ன நாடுகளுக்கு இது எப்படி முடிகிறது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

நான்கு முறை முதல் பரிசு!

உலகத்தின் பெரிய ஆவணப்பட விழாக்களில் ஒன்று நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 1988 முதல் நடக்கிறது. பெயர் இட்ஃபா. நெதர்லாந்து நார்டிக் நாடு அல்ல. ஆனால் அங்கே 2006, 2008, 2016, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் முழுநீள ஆவணப்படத்துக்கான உயரிய விருதைத் தட்டிச் சென்றவர்கள் யார்? நார்டிக் இயக்குநர்கள்!

2006-இல் வென்ற படத்தின் கதாநாயகர் யார் தெரியுமா? 80 வயதைத் தாண்டிய ஒரு பிரம்மச்சாரி! தன் பழைய கோட்டையை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கன்னியர் மடமாக மாற்றப் பாடுபடும் டென்மார்க் கிழவர்! படத்தின் பெயர் ‘தி மொனாஸ்ட்ரி’.

2016-இல் வென்ற ‘நோவேர் டு ஹைட்’ படம் எப்படி எடுக்கப்பட்டது? ஈராக்கில் போர்ப் பகுதியில் வேலை பார்த்த ஓர் ஆண் செவிலியர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார் நார்வேயில் வாழும் குர்து இயக்குநர் சரதாஷ்ட் அகமது. ‘நீயே எடு’ என்று! அந்தச் செவிலியர் ஆண்டுக்கணக்கில் எடுத்தார். கடைசியில் தன் குடும்பத்தோடு உயிர் தப்பி ஓடியதையும் அவரே எடுத்தார்!

2022-இல் வென்ற ‘அப்பலோனியா, அப்பலோனியா’? டென்மார்க்கின் லேயா க்ளோப் ஒரே ஒரு ஓவியரைப் பின்தொடர்ந்து எடுத்த படம். எத்தனை வருஷம்? 13 வருஷம்! பால்வாடிக்குப் போன பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் காலம்!

பர்மாவிலிருந்து ஆஸ்லோவுக்குக் கடத்திய காட்சிகள்!

2008-ஐ விட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்!

2007-இல் பர்மாவில் புத்த பிக்குகள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி ராணுவ ஆட்சிக்கு எதிராக நடந்தார்கள் அல்லவா? வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இணையத்தையும் அரசு துண்டித்தது. அப்படியானால் அந்தக் காட்சிகள் உலகத்துக்கு எப்படிக் கிடைத்தன?

சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் சின்ன ஹேண்டிகேமை ஒளித்துக்கொண்டு உள்ளூர் இளைஞர்கள் எடுத்தார்கள்! பிடிபட்டால் ஆண்டுக்கணக்கில் சிறை! அந்தக் காட்சிகள் நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தன தெரியுமா? நார்வே தலைநகர் ஆஸ்லோவுக்கு! ‘பர்மாவின் ஜனநாயகக் குரல்’ என்ற ஒலிபரப்பு நிலையம் 1992 முதல் அங்கிருந்துதான் இயங்கியது! அங்கிருந்து அந்தக் காட்சிகள் உலகத் தொலைக்காட்சிகளுக்குப் பறந்தன. செயற்கைக்கோள் வழியாகப் பர்மாவுக்கே திரும்பியும் போயின!

இதை வைத்து டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆஸ்டர்கார்ட் எடுத்த படம்தான் ‘பர்மா விஜே’. இட்ஃபாவில் முதல் பரிசு! பிறகு ஆஸ்கர் பரிந்துரை! படம் பிடித்தவர்களில் பலரின் முகமும் பெயரும் இன்றுவரை பலருக்குத் தெரியாது. துணிச்சலில் இதற்கு ஈடான படம் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

புந்தேல்கண்டின் ரோஜா நிறச் சேலைக்கு நார்வே பணம்!

உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில் ரோஜா நிறச் சேலை கட்டி, கையில் தடியோடு, பெண்களை அடிக்கும் ஆண்களைத் தட்டிக்கேட்ட சம்பத் பால் கூட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பற்றி நிஷ்டா ஜெயின் எடுத்த ‘குலாபி கேங்’ படத்தைத் தயாரித்தது எந்த ஊர் நிறுவனம் தெரியுமா? மும்பையா? டெல்லியா?

நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்து பிராயா ஃபிலிம்! டென்மார்க்கும் இதில் கைகோத்தது! 2012-இல் வெளிவந்த படம். 61-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த படமாகத் தேர்வானது. வட கடலோரத்து எண்ணெய் நகரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் படத்துக்கு நம் நாட்டு தேசிய விருது! 2014 பிப்ரவரியில் இந்தியத் திரையரங்குகளிலும் ஓடியது. ஆவணப்படத்துக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள் என்பதே அதிசயம்தானே!

அத்தோடு முடியவில்லை! வங்காளத்துச் சணல் ஆலைகளைப் பற்றி அதே நிஷ்டா ஜெயின் எடுத்த ‘தி கோல்டன் த்ரெட்’ படத்திலும் நார்வே ஒரு கூட்டாளி. 2024 ஜூனில் நடந்த 18-ஆவது மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கச் சங்கு! பரிசுத் தொகை 10 லட்ச ரூபாய்!

அதே 2024-இல் இன்னொன்று! டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கும் மேலாக விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்களே, அந்தப் போராட்டத்தைப் பற்றி அவர் எடுத்த ‘ஃபார்மிங் தி ரெவல்யூஷன்’. இந்தியா, பிரான்ஸ், நார்வே கூட்டுத் தயாரிப்பு! கனடாவின் டொரன்டோவில் நடக்கும் ஹாட் டாக்ஸ் விழாவில் சிறந்த சர்வதேச ஆவணப்படம்! நம் பக்கம் கரும்பும் நெல்லும் மணிலாவும் போடுகிற குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பஞ்சாப் விவசாயி வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்த கதையைக் கனடா வரை கொண்டுபோனதில் நார்வேக்கும் பங்கு!

சூரத் சாயப்பட்டறைக்குள் பின்லாந்து!

குஜராத்தின் சூரத் நகரத்து ஜவுளி ஆலைக்குள் தொழிலாளிகள் 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பதைக் காட்டும் ‘மெஷின்ஸ்’ படம், ராகுல் ஜெயின் எடுத்தது. இந்தியா, ஜெர்மனி, பின்லாந்து மூன்றும் சேர்ந்து தயாரித்தவை! 2017-இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுக்கு விருது!

விதிமுறை தெரியுமா?

நார்வேயில் ‘ஸோர்ஃபொண்ட்’ என்று ஒரு நிதி இருக்கிறது. வளரும் நாடுகளில் எடுக்கும் படங்களுக்கானது. முக்கிய விதி என்ன? அந்தப் படத்தில் ஒரு நார்வே தயாரிப்பாளரும் கூட்டாளியாக இருக்க வேண்டும்! ஆக, பணமும் போகிறது, அவர்கள் நாட்டுப் பெயரும் கூடவே போகிறது!

ஆஸ்லோவில் இன்னொரு நிதி: 1990-இல் தொடங்கிய நார்டிஸ்க் ஃபிலிம் அண்டு டிவி ஃபாண்ட். ஐந்து நாடுகளுக்கும் பொதுவானது! அதில் பணம் வாங்க வேண்டுமானால், குறைந்தது இரண்டு நார்டிக் நாடுகளில் படம் காட்டப்படும் என்ற உறுதி வேண்டும். பக்கத்து நாட்டுப் படத்தைப் பார்க்க வைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

கான் திரைப்பட விழாவுக்குப் போனால் இன்னும் வியப்பு! ஐந்து நாடுகளின் திரைப்பட நிறுவனங்களும் கடற்கரைச் சாலையில் ஒரே மாடியைப் பகிர்ந்துகொள்கின்றன! தனித்தனிக் கடை கிடையாது. நார்டிஸ்க் பனோரமா என்ற இவர்களின் ஆவணப்பட, குறும்பட விழாவும் 1990-இல் தொடங்கி, ஐந்து நாட்டு நகரங்களுக்கும் முறைவைத்துப் போய்வந்தது. 2013 முதல்தான் ஸ்வீடனின் மால்மோவில் நிலையாகத் தங்கியது.

புலிக்குட்டியோடு விளையாடிய சிறுவன்!

இது எனக்கு மிகப் பிடித்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்!

ஆர்னே சுக்ஸ்டோர்ஃப். ஸ்வீடன்காரர். ஸ்டாக்ஹோம் நகரத்தைப் பற்றி அவர் எடுத்த குறும்படத்துக்கு 1949-இல் ஆஸ்கர் கிடைத்தது. ஸ்வீடன் படம் ஒன்று வாங்கிய முதல் ஆஸ்கர் அதுதான்! அப்படிப்பட்டவர் பிறகு எங்கே போனார்? ஹாலிவுட்டுக்கா? இல்லை! நம் நாட்டின் பஸ்தர் காட்டுக்கு!

இன்றைய சத்தீஸ்கரின் நாராயண்பூர் பக்கத்து முரியா பழங்குடிக் கிராமத்தில் தங்கிப் படம் எடுத்தார். அங்கே கண்ட சிறுவன்தான் செந்த்ரு. புலிக்குட்டியோடு கட்டிப் புரண்டு விளையாடும் பையன்! படம் 1957-இல் வெளிவந்தது. 1958-இல் கான் விழாவின் போட்டிப் பிரிவிலும் இடம்பிடித்தது! பிரான்சில் நடந்த விழா, ஸ்வீடன் படம், பஸ்தர் பையன். அந்தப் படத்துக்கு இசை யார் தெரியுமா? நம்பவே மாட்டீர்கள்! பண்டிட் ரவிசங்கர்!

செந்த்ரு ஸ்வீடனுக்கே அழைத்துச் செல்லப்பட்டான். இயக்குநரின் மனைவி ஆஸ்ட்ரிட் அந்தச் சிறுவனையும் புலியையும் வைத்து ஒரு புகைப்படப் புத்தகமே போட்டார். ஆனால் ஊர் திரும்பிய பிறகு? அதே காடு, அதே வறுமை. உலகமே பார்த்த முகம், 2013-இல் பஸ்தரிலேயே மறைந்தது. படத்தால் புகழ் பெற்ற ஊர்ச் சனங்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வியை இந்தக் கதை எழுப்புகிறது. ஆவணப்படம் எடுக்கிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சுக்ஸ்டோர்ஃப் அப்புறம் என்ன ஆனார்? 1960-களில் பிரேசிலுக்குப் போய் இளைஞர்களுக்குச் சினிமா சொல்லிக்கொடுத்தார். பிறகு பந்தனால் சதுப்புக் காட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்!

மிதவையில் போனது கேமராவும்தான்!

1947-இல் பால்சா மரக் கட்டைகளைக் கட்டிச் செய்த ‘கோன்-டிக்கி’ மிதவையில், பெரு நாட்டிலிருந்து பசிபிக் கடலில் புறப்பட்டவர்கள் ஆறு பேர். 101 நாள் கடலில்! சுமார் 6,900 கிலோமீட்டர்! தலைவர் நார்வேயின் தோர் ஹெயர்டால். அவர்களே எடுத்த காட்சிகளைத் தொகுத்த படம் 1952-இல் சிறந்த ஆவணப்பட ஆஸ்கரை வென்றது!

வேகமாக மூன்று!

2013-இல் ஆஸ்கர் வென்ற ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் ஸ்வீடன்காரர். பிலிம் வாங்கப் பணம் தீர்ந்துபோனது! கடைசிக் காட்சிகள் சிலவற்றை எதில் எடுத்தார் தெரியுமா? செல்போனில்! ஓரிரு டாலர் விலையுள்ள ஒரு செயலியை வைத்து!

டென்மார்க்கின் ‘ஃப்ளீ’ படம் ஆப்கானிஸ்தான் அகதி ஒருவரின் உண்மைக் கதை. அவர் அடையாளத்தைக் காக்கப் பெரும்பகுதியை அனிமேஷனில் செய்தார்கள். 2022 ஆஸ்கரில் ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசப் படம் என்று மூன்று பிரிவிலும் பரிந்துரை! அதற்குமுன் எந்தப் படமும் இதைச் செய்ததில்லை!

2025-இல் ஆஸ்கர் வென்ற ‘நோ அதர் லேண்ட்’ எந்த நாடுகளின் கூட்டு? பாலஸ்தீனமும் நார்வேயும்! பாலஸ்தீனர் இருவர், இஸ்ரேலியர் இருவர் என நான்கு இயக்குநர்கள்!

வன்னிக்குள் போன நார்வேப் பெண்!

2002 போர்நிறுத்தத்துக்கு இலங்கையில் நார்வே நடுவராக நின்றது தமிழர்களுக்கு மறக்காது. அந்த நாட்டு இயக்குநர் பியாட்டே ஆர்னஸ்டாட் வன்னிக்குள் போய், கரும்புலிகளான இரண்டு இளம்பெண்களோடும் அவர்களில் ஒருத்தியின் தாயோடும் பேசி எடுத்த படம் 2007-இல் வந்தது. ஒரு மணி நேரம்கூட ஓடாது! ஆனால் உலக விழாக்களில் எத்தனை விவாதம்! நாட்டைவிட்டு ஓடிய இலங்கைப் பத்திரிகையாளர்களைப் பற்றியும் 2012-இல் அவரே ஒரு படம் எடுத்தார்.

திரும்பிப் பார்த்தால் இன்னோர் ஆச்சரியம்! 2010 முதல் ஆஸ்லோவிலேயே நார்வே தமிழ்த் திரைப்பட விழா நடக்கிறது. வசீகரன் சிவலிங்கம் தொடங்கியது. பனி நாட்டில் ‘தமிழர் விருது’!

தங்க ஏட்டில் தமிழ்!

வட ஐரோப்பாவிலிருந்து பணம் வருவது நம் கடற்கரைக்குப் புதிதா? இல்லவே இல்லை! கண்டமங்கலத்திலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை, 225 வருஷம் டென்மார்க்கிடம் இருந்த ஊர்! தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தமிழில் எழுதிய தங்க ஏடு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது! டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்க் 1706-இல் அங்கே வந்திறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. பழைய தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷன் வளர்த்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையை, ஏ.எல்.சி. என்று சொன்னால், விழுப்புரம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும்!

7 மணி நேர ரயில் படம்!

கண்டமங்கலம் பக்கம் ஓடும் விழுப்புரம்–புதுச்சேரி ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவோம். நார்வேயின் பொதுத் தொலைக்காட்சி 2009-இல் பெர்கனிலிருந்து ஆஸ்லோ வரை போகும் ரயில் பயணத்தை முழுசாகக் காட்டியது. 7 மணி நேரத்துக்கும் மேல்! கதை கிடையாது, சண்டை கிடையாது! சுரங்கப்பாதை, பனி, தண்டவாளம்! எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா? சுமார் 12 லட்சம் பேர்! அந்த நாட்டில் நாலில் ஒருவர்!

2011-இல் கடலோரக் கப்பல் பயணம் ஒன்றை நேரலையாகக் காட்டினார்கள். எவ்வளவு நேரம்? 134 மணி நேரம்! ஐந்தரை நாள்! கரையோர ஊர்களில் சனங்கள் கொடியோடு வந்து கப்பலுக்குக் கையசைத்தார்கள்!

இவர்களின் விழாக்களும் இப்படி விசித்திரம்தான்! ஐஸ்லாந்தின் பாட்ரெக்ஸ்ஃப்யோர்துர் என்ற கடலோரக் கிராமத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் 2007 முதல் அங்கே ஆண்டுதோறும் ஆவணப்பட விழா! பரிசைத் தீர்மானிப்பது நடுவர்கள் மட்டும் அல்ல. வந்து உட்காரும் பார்வையாளர்களும் ஓட்டுப் போடுகிறார்கள்!

பின்லாந்தின் சோடன்கூலாவில் 1986 முதல் ஒரு திரைப்பட விழா. சூரியனே மறையாத ஜூன் மாதத்தில், இரவும் பகலும் படம்! நள்ளிரவுக் காட்சி முடிந்து வெளியே வந்தால் கண் கூசும் வெயில்!

நாலில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு!

இதுதான் முக்கியம், கவனியுங்கள்! டென்மார்க்கில் திரைப்படங்களுக்கு அரசு கொடுக்கும் உதவியில் 25 சதவீதம் சிறுவர், இளையோர் படங்களுக்கு என்று சட்டப்படி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆவணப்படமும் அதில் அடக்கம்! சின்ன வயதில் பார்த்தவர்கள்தானே பெரியவர்களாகி ஆவணப்படம் எடுக்கிறார்கள்! ஐந்து குட்டி நாடுகள் உலகமெங்கும் நிற்பதன் சூட்சுமம் இதில்தான் பாதி இருக்கிறது என்று நம்புகிறேன்.

நம்மிடம் இல்லையா? இருக்கிறது! 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. முதலில் காட்டிய படம் பிரான்ஸ் நாட்டின் ‘சிவப்பு பலூன்’!

நாம் எப்போதோ ஆரம்பித்துவிட்டோம், தெரியுமா?

கோட்டையூர் ஏ.கே. செட்டியாரைத் தெரியுமா? காந்தி உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1937-இல் கிளம்பிய தமிழர்! உலகம் சுற்றி ஒரு லட்சம் மைல்! யார் யாரோ எடுத்து எங்கெங்கோ கிடந்த காட்சிகளைத் தேடித் தேடிச் சேர்த்தது 50,000 அடி பிலிம்! 1940-இல் படம் திரைக்கு வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில்! அரசு நிதி இல்லை, கூட்டுத் தயாரிப்பு இல்லை, விழா இல்லை. ஒற்றை மனிதர்!

2023-இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ குறும்படத்தில் முதுமலையின் பொம்மனும் பெள்ளியும் பேசுவது என்ன மொழி? தமிழ்!

ஆகவே விழுப்புரம், திண்டிவனம், கண்டமங்கலம் பக்கத்து ஆசிரியர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, நூலக வாசகர் வட்டத்தாரே! புரொஜெக்டரும் ஒரு வெள்ளைச் சுவரும் இருந்தால் போதும். மாதத்தில் ஒரு மாலை ஓர் ஆவணப்படம் போடுங்கள். முடிந்ததும் பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுத்து, நம் ஊர் ஏரியையும் கரும்பு வெட்டையும் எடுக்கச் சொல்லுங்கள்!